"முதலில் என்ன செய்வீர்கள்?" – தாதியர் பரீட்சைக்கு ஒரு பயிற்சிப் பாடம்

ஊரில் தாதியாக வேலை செய்துவிட்டு இங்கே ஐக்கிய இராச்சியத்துக்கு வந்து தஞ்சம் கேட்டிருப்பவர்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, இரவு பகலாக வாட்டில் நின்றவர்கள் உங்களில் கனபேர் இருக்கிறீர்கள். இப்போது ஒரு சிறிய அறையில், ஹோம் ஒபிஸ் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். "படிச்சதெல்லாம் மறந்து போச்சு, இனி என்னத்தைச் செய்யிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். படித்தது மறக்கவில்லை. ஆனால் இந்த நாட்டுப் பரீட்சை வேறு விதமாகக் கேள்வி கேட்கிறது. அது எப்படி என்று தெரிந்தால் காத்திருக்கும் காலம் வீணாகப் போகாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம்

தஞ்சக் கோரிக்கை முடியாமல் இருக்கும்போது அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கையில் காசு தருகிறோம் என்று யாராவது நேர்சிங் ஹோமில் இரவு வேலைக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பிடிபட்டால் உங்கள் வழக்குக்கும் பாதிப்பு, பின்னர் தாதியாகப் பதியும்போதும் கேள்வி வரும். முதல் முடிவு வராமல் 12 மாதத்துக்கு மேல் ஆகி, தாமதம் உங்களால் ஏற்பட்டதும் இல்லை என்றால், வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தாலும் எந்த வேலை செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் உங்கள் சொலிசிற்றரிடம் கேட்டே செய்யுங்கள்.

படிப்பது வேறு விசயம். பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தடை இல்லை. உங்களுக்குத் தந்த பெயில் 201 என்ற கடிதத்தை எடுத்து, அதில் படிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கா பாருங்கள். தடை என்று எழுதியிருக்காவிட்டால் படிக்கலாம். தொண்டு நிறுவனங்களிலும் அரச துறையிலும் தொண்டராகவும் உதவலாம்.

பரீட்சை எப்படி இருக்கும்?

இந்த நாட்டில் தாதியாக வேலை செய்ய என்.எம்.சி என்ற தாதியர், மருத்துவிச்சியர் சபையில் பதிய வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் இரண்டு பரீட்சை எடுக்க வேண்டும்.

முதலாவது, கணினியில் எழுதும் பரீட்சை. அதை சி.பி.ரி என்பார்கள். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் 15 மருந்துக் கணக்கு, 30 நிமிடம். இரண்டாம் பகுதியில் 100 மருத்துவக் கேள்வி, இரண்டரை மணித்தியாலம். இந்த இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள்.

இரண்டாவது, ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. 2021 ஓகஸ்ட் முதல் இதில் பத்து நிலையங்கள் இருக்கின்றன. நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்த இடத்துக்கு ஒப்படைப்பது ஆகியவை தொடர்ந்து வரும் நான்கு நிலையங்கள். மற்றவற்றில் காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது போன்ற கைவேலைகளும், தொழில் ஒழுக்கம் பற்றி எழுதும் கேள்விகளும் வரும்.

இதோடு ஆங்கிலப் பரீட்சையும் உண்டு. ஐ.ஈ.எல்.ரி.எஸ் அக்கடமிக் எடுத்தால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.ஈ.ரி என்ற மருத்துவத் துறைப் பரீட்சை எடுத்தால் அந்த மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வேண்டும். தாதியருக்கு ஓ.ஈ.ரி சிலவேளை சுகமாக இருக்கும். வாட்டில் நடக்கிற விசயங்களைத்தான் கேட்பார்கள்.

எல்லாக் கட்டணத்தையும் கூட்டினால் ஆயிரம் பவுணுக்கு மேல் வரும். ஆகவே யாருக்கும் அவசரப்பட்டுக் காசு கட்ட வேண்டாம். படிப்புக்குக் காசு தேவையில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.

என்னத்தைச் சோதிக்கிறார்கள்?

ஊரில் பரீட்சை என்றால் வரைவிலக்கணம் எழுதுவோம், காரணம் ஐந்து எழுதுவோம், அறிகுறி பத்து எழுதுவோம். இங்கே அப்படி இல்லை. நான்கு விடையில் மூன்று விடை, ஓரளவு சரியான வேலையாகத்தான் இருக்கும். ஆனால் "முதலில் எதைச் செய்வீர்கள்?" என்பதற்கு ஒன்றுதான் சரி. நோயாளிக்கு ஆபத்தை உடனே குறைப்பது எது, யாருக்கு எப்போது அறிவிக்க வேண்டும், நோயாளியின் விருப்பம் என்ன என்ற மூன்றையும் மனதில் வைத்துத்தான் விடையைத் தேட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஊரில் பல வாட்டுகளில் டொக்டர் வந்து சொல்லும் வரை தாதி காத்திருப்பது வழக்கம். இங்கே காத்திருந்தால் அது தாதியின் பிழை. நோயாளி மோசமாகிறார் என்று கண்டால், டொக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நீங்கள்தான் கூப்பிட வேண்டும். அவர் வராவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிட வேண்டும். பரீட்சையில் இது திரும்பத் திரும்ப வரும்.

இனி பயிற்சிக் கேள்விகளுக்கு வருவோம். விடையைப் பார்க்க முதல் ஒரு தாளில் உங்கள் விடையை எழுதுங்கள்.

மருந்துக் கணக்கு

கணக்கு 1. டிகொக்சின் 125 மைக்கிரோகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கையில் உள்ள குளிசை ஒவ்வொன்றும் 62.5 மைக்கிரோகிராம். எத்தனை குளிசை?

விடை: 125 ஐ 62.5 ஆல் வகுத்தால் 2 குளிசை. மைக்கிரோகிராமையும் மில்லிகிராமையும் மாறிப் பார்த்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் இங்கே மருந்துத் தாளில் மைக்கிரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும் என்கிறார்கள். 0.25 மில்லிகிராம் என்றால் 250 மைக்கிரோகிராம்.

கணக்கு 2. 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் போக வேண்டும். பம்ப் இருந்தால் மணிக்கு எவ்வளவு? பம்ப் இல்லாமல், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி?

விடை: பம்பில் 1000 ஐ 8 ஆல் வகுத்தால் மணிக்கு 125 மில்லிலீற்றர். துளிக்கு, 1000 ஐ 20 ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். 41.67 வரும். அரைத் துளி விழாது தானே, ஆகவே 42 துளி.

கணக்கு 3. பென்சிலின் ஊசி போட்டவுடன் ஒரு பெரிய ஆளுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்கிறது. அட்றினலின் 500 மைக்கிரோகிராம் கொடுக்க வேண்டும். குப்பியில் ஆயிரத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது. எத்தனை மில்லிலீற்றர், எங்கே போடுவீர்கள்?

விடை: ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம், அதாவது 1000 மைக்கிரோகிராம். ஆகவே 0.5 மில்லிலீற்றர். தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் தசைக்குள் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் திரும்பவும் கொடுக்கலாம். இங்குள்ள மருத்துவமனைகளுக்குள் அவசரக் குழுவைக் கூப்பிடும் இலக்கம் 2222. இதையும் பாடமாக்குங்கள்.

மருத்துவக் கேள்விகள்

கேள்வி 1. சிறுநீர்த் தொற்றோடு வந்த 68 வயதுப் பெண். சுவாசம் நிமிடத்துக்கு 22. ஒக்சிசன் கொடுக்காமல் அளவு 95 வீதம். மேல் பிறஷர் 108. நாடி 104. காய்ச்சல் 38.4. நன்றாகக் கதைக்கிறார். என்ன செய்வீர்கள்?
அ) தாளில் பதிந்துவிட்டு ஆறு மணித்தியாலத்தில் திரும்பப் பார்ப்பேன்.
ஆ) பரசிற்றமோல் கொடுத்து, காலையில் டொக்டர் வரும்போது சொல்வேன்.
இ) டொக்டருக்கு உடனே அறிவித்து, குறைந்தது மணிக்கு ஒருதரம் அளந்து பார்ப்பேன்.
ஈ) தண்ணீர் கூடக் குடிக்கச் சொல்வேன்.

விடை இ. இங்கே நியூஸ் 2 என்ற புள்ளி முறை இருக்கிறது. மருத்துவர்களின் ரோயல் கல்லூரி 2012 இல் முதலில் வெளியிட்டு 2017 இல் திருத்திய முறை இது. சுவாசம் 22 க்கு 2 புள்ளி. ஒக்சிசன் 95 க்கு 1. பிறஷர் 108 க்கு 1. நாடி 104 க்கு 1. காய்ச்சலுக்கு 1. மொத்தம் 6. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கூட்டிப் பார்த்தால்தான் ஆபத்துத் தெரியும். 5 வந்தாலே அவசரமாக அறிவிக்க வேண்டும், 7 வந்தால் அவசரக் குழுவே வர வேண்டும். தொற்றோடு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் இரத்தத்தில் கிருமி பரவுகிறதோ என்று யோசிக்க வேண்டும். இதே அம்மா புதிதாக உளறத் தொடங்கினால் அதற்கு மட்டும் 3 புள்ளி.

கேள்வி 2. சீனி வருத்தம் உள்ள ஒருவர் வியர்த்து நடுங்குகிறார். உணர்வோடு இருக்கிறார், விழுங்கக்கூடியதாக இருக்கிறது. இரத்தச் சீனி 3.2 மில்லிமோல். முதலில் என்ன?
அ) டொக்டரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன்.
ஆ) சொக்லேற் கொடுப்பேன்.
இ) 15 முதல் 20 கிராம் வரை விரைவாகச் சேரும் சீனி கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளப்பேன்.
ஈ) பாண் சாப்பிடச் சொல்வேன்.

விடை இ. பழச்சாறு என்றால் 150 முதல் 200 மில்லிலீற்றர் போதும். சொக்லேற்றில் கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் சேரும். பாண் பிறகு, சீனி ஏறிய பின். உணர்வில்லாதவருக்கு வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. அளவையும் கவனியுங்கள். ஊரில் மில்லிகிராமில் பார்த்தோம், இங்கே மில்லிமோல். மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 3.2 என்றால் ஏறத்தாழ 58. இங்கே 4 க்குக் கீழே போனால் குறைவு என்று எடுக்கிறார்கள்.

கேள்வி 3. இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், முதுகு நோ. முதலில் என்ன?
அ) வேகத்தைக் குறைப்பேன்.
ஆ) இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவேன்.
இ) போர்வை போடுவேன்.
ஈ) டொக்டரைத் தேடிப் போவேன்.

விடை ஆ. குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். ஊசிக் குழாயைக் கழற்ற வேண்டாம், மருந்து கொடுக்க அது தேவைப்படும். உடனே உதவிக்குக் கூப்பிட்டு, நோயாளியின் பெயர், பிறந்த திகதி, பையில் உள்ள விபரம் எல்லாவற்றையும் திரும்பச் சரிபாருங்கள். பையைக் குப்பையில் போடாதீர்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

கேள்வி 4. குளோஸ்றிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வயிற்றோட்டம் உள்ளவரைக் கவனித்த பின் கையை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்?
அ) அல்ககோல் ஜெல்.
ஆ) சவர்க்காரமும் தண்ணீரும்.
இ) கையுறை போட்டிருந்தால் தேவையில்லை.
ஈ) ஈரத்துணி.

விடை ஆ. இந்தக் கிருமியின் வித்துக்களை ஜெல் கொல்லாது. கையுறை போட்டிருந்தாலும் கழற்றிய பின் கழுவ வேண்டும்.

கேள்வி 5. பக்கத்துக் கட்டிலுக்குரிய குளிசையை உங்கள் நோயாளிக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவருக்கு இப்போது ஒன்றும் இல்லை. என்ன செய்வீர்கள்?
அ) ஒன்றும் ஆகவில்லை தானே என்று விட்டுவிடுவேன்.
ஆ) தாளில் திருத்தி எழுதுவேன்.
இ) நோயாளியைப் பரிசோதித்து, டொக்டருக்கும் பொறுப்பானவருக்கும் சொல்லி, நோயாளியிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, சம்பவ அறிக்கை எழுதுவேன்.
ஈ) வேலை முடிந்து போகும்போது நண்பியிடம் மட்டும் சொல்வேன்.

விடை இ. ஊரில் பிழை சொன்னால் இடமாற்றம் வரும், பேச்சு விழும் என்ற பயம் பலருக்கு இருந்தது. இங்கே என்.எம்.சியின் ஒழுக்கக் கோவை, பிழையை மறைக்காமல் நோயாளியிடம் சொல்வது தாதியின் கடமை என்கிறது. பிழை விட்டவர் வேலையில் தொடரலாம், மறைத்தவருக்குத்தான் பதிவே போகலாம். பரீட்சையில் "மறை", "காத்திரு", "வேறு ஆளிடம் விடு" என்று வரும் விடைகள் அநேகமாகப் பிழை.

கேள்வி 6. ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்திருக்கிறது. மகள் உங்களிடம், "மிஸி, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா" என்கிறார். அம்மா தெளிவாக இருக்கிறா. "எனக்கு என்ன வருத்தம்?" என்று உங்களைக் கேட்கிறா. என்ன செய்வீர்கள்?
அ) ஒன்றுமில்லை என்று சொல்வேன்.
ஆ) மகளிடம் கேட்கச் சொல்வேன்.
இ) எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறா என்று அம்மாவிடமே கேட்டு, டொக்டர் விளக்க ஒழுங்கு செய்வேன்.
ஈ) கதையை மாற்றுவேன்.

விடை இ. எங்கள் ஆட்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமான கேள்வி. மகள் அன்பினால்தான் சொல்கிறா. அவவையும் இருத்திக் கதைக்க வேண்டும். ஆனால் மறைப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, ஒரு பெரிய ஆளுக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கும் வரை திறன் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, ஆனால் எண்ணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மகளையோ பேரனையோ வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்ய வேண்டும். நீங்கள் நோயாளியாகப் போகும்போதும் உங்களுக்கு இதே உரிமை உண்டு.

நோயாளிகள் பேசும் ஆங்கிலம்

புத்தக ஆங்கிலம் மட்டும் போதாது. "பூர்லி" என்றால் சுகமில்லை. "வோட்டர்வேர்க்ஸ்" பற்றிக் கேட்டால் அது சிறுநீர் கழிப்பதைப் பற்றியது. "ஜாப்" என்றால் ஊசி. பேருந்தில், தேவாலயத் தேநீர் வேளையில், நூலகத்தில் கேட்கும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒஸ்கியில் கை மட்டும் சோதிக்கப்படுவதில்லை. பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தி, சம்மதம் கேட்டு, செய்வதை விளக்கிக்கொண்டு செய்ய வேண்டும். வாய் பேசாமல் அழகாக மருந்து கட்டினாலும் புள்ளி குறையும்.

ஆவணங்கள் விசயத்தில் கவனம்

பதிவுக்கு உங்கள் படிப்பு, பதிவு, வேலை பற்றிய உறுதிப்படுத்தல்கள் ஊரில் இருந்து வர வேண்டியிருக்கும். ஆனால் சொலிசிற்றரிடம் கேட்காமல் தூதரகத்துக்கோ ஊரில் உள்ள அரச அலுவலகத்துக்கோ எழுத வேண்டாம். அது உங்கள் வழக்கையும் ஊரில் உள்ள உறவுகளையும் பாதிக்கலாம். சேர்ட்டிபிக்கற்றின் பிரதி வீட்டில் இருந்தால் அதன் படத்தை மட்டும் முதலில் எடுப்பியுங்கள்.

எந்த ஆஸ்பத்திரியில் எந்த வருடம் வேலை செய்தீர்கள் என்பதை இப்போதே திகதியோடு எழுதி வையுங்கள். தஞ்ச நேர்முகத்தில் சொன்ன திகதியும் பின்னர் என்.எம்.சிக்குக் கொடுக்கும் திகதியும் வேறாக இருந்தால் இரண்டு இடத்திலும் கேள்வி வரும். பரீட்சை மண்டபத்தில் அடையாள ஆவணம் கேட்பார்கள். உங்கள் கடவுச்சீட்டு ஹோம் ஒபிஸிடம் இருந்தால், காசு கட்ட முதல் என்.எம்.சிக்கு எழுதி என்ன ஏற்றுக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு விசயம். நீங்கள் தாதி என்று தெரிந்தால் தங்குமிடத்தில் உள்ளவர்கள் மருந்து கேட்டு வருவார்கள். முதலுதவி செய்யுங்கள், மருந்து கொடுக்க வேண்டாம். உயிராபத்து என்றால் 999, மற்றதுக்கு 111. பதிவு இல்லாமல் பதிவு செய்த தாதி என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம்.

இந்தக் கிழமை என்ன செய்யலாம்?

நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். திங்கள், செவ்வாய் மருந்துக் கணக்கு பத்து. புதன் நியூஸ் 2 தாள். வியாழன் என்.எம்.சியின் ஒழுக்கக் கோவையில் ஒரு பக்கம். வெள்ளி, சனி ஆங்கிலம். எல்லாம் நூலகக் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். ஞாயிறு உங்களைப் போன்ற இன்னொருவரைப் பிடித்து, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தாதியாகவும் நடித்துப் பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் ஒஸ்கிக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மான்செஸ்ரர் பக்கம் இருப்பவர்கள் சல்ஃபோர்ட்டில் உள்ள ரீச் நோர்த் வெஸ்ற் என்ற நிலையத்தை விசாரிக்கலாம். அகதிகளும் தஞ்சம் கோருவோருமான மருத்துவத் துறையினரை அவர்கள் பயிற்றுவிக்கிறார்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்த பின், ரெஃப்யுஎய்ட் என்ற அமைப்பிடம் திரும்பத் தகுதி பெற வட்டியில்லாக் கடன் பற்றிக் கேட்கலாம். பல என்.எச்.எஸ் மருத்துவமனைகள் உதவியாளராகச் சேர்பவர்களுக்கு ஒஸ்கிப் பயிற்சி கொடுக்கின்றன.

வழக்கு முடிய எவ்வளவு காலம் என்று எங்களால் சொல்ல ஏலாது. ஆனால் முடிவு வரும் நாளில், கணக்கு மறக்காத கையோடும் கதைக்கத் தயங்காத வாயோடும் நீங்கள் நிற்கலாம். ஆறு கேள்வியில் எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள். பிழைத்த கேள்வியை நாளைக்குத் திரும்பச் செய்யுங்கள்.